பூட்டிய பீரோ

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூடுகையில் கட்டில்களைப் பற்றியும் பிரசவங்களைப் பற்றியும் புதிதாக வாங்கிய இயந்திரங்களைப் பற்றியும் உங்களிடம் பேசுவது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கையெல்லாம் பொருளாளர் பின்னர் வாசிப்பார். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அரைமணி நேரத்தில் இந்த முறை காகிதத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சாகி வருகிற காகிதம். "இதற்கும் கல்வராயன் மலையடிவாரத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முன்வரிசையில் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் பழைய கட்டடத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இங்கே ஊழியம் செய்து ஊர் திரும்பிய ஒரு வைத்தியர், தமக்கு வந்த மருத்துவ சஞ்சிகைகளையெல்லாம் ஆண்டுவாரியாகத் தைத்துக் கட்டி அதில் வைத்துவிட்டுப் போனார். சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் விடுமுறையில் போனால் பீரோவுக்கும் விடுமுறை. கடைசியில் சாவியே காணாமற்போய், ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம். அதற்குள் மூன்று தொகுதிகளைக் கரையான் வாசித்து முடித்திருந்தது.

நாங்கள் செமினரியில் படித்த நாட்களில் சபைச் சரித்திர வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பேராலயத்து நூலகம். ஒவ்வொரு புத்தகமும் அலமாரியோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. பார்த்தவுடன் எங்களுக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "தம்பிகளே, அந்தச் சங்கிலி புத்தகம் திருட்டுப் போகாதபடிக்குப் போட்டது. வந்து நின்று வாசிக்கிறவரை அது தடுக்காது" என்றார். எங்கள் பீரோவோ வாசிக்கிறவரையே தடுத்தது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நாங்கள் நன்றாக உணர்ந்தது 2024 ஜூன் மாதத்தில்தான்.

அந்த மாதம் 18, 19 தேதிகளை நம் பகுதியில் மறப்பவர் இல்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் விழ ஆரம்பித்தார்கள். 200 பேருக்கும் அதிகமானோரைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், சேலத்துக்கும், விழுப்புரத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுபோனார்கள். 60 பேருக்கு மேல் மரித்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டியதை உங்களில் சிலர் நேரில் கண்டீர்கள்.

அன்றிரவு எங்கள் வாசலுக்கும் யாராவது வரக்கூடும் என்று எல்லாரும் விழித்திருந்தோம். இரவுப் பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத இளம் டாக்டரம்மா. மெத்தனாலைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தார், ஆனால் ஒரு நோயாளியைக் கண்டதில்லை. கைப்பேசியில் தேடினார். முதலில் கிடைத்த கட்டுரையில் பத்து வரிச் சுருக்கம் மட்டும் தெரிந்தது. அதன் கீழே, மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் 30 டாலருக்கு மேல் செலுத்தவும் என்று இருந்தது. "ஐயா, இதைப் பாருங்கள்" என்று எங்களிடம் காட்டினார். டாலரில் பணம் செலுத்தும் அட்டை அவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. இருந்தாலும், இரவு பதினொரு மணிக்குக் கட்டுரையை வாங்கிப் பார்த்து, அது உபயோகமில்லை என்று கண்டால் அடுத்ததை வாங்குவது நடக்கிற காரியமா?

இரண்டாவதும் பூட்டு. மூன்றாவது கட்டுரை முழுவதுமாகத் திறந்தது. பிறகு இன்னும் சில திறந்தன. நார்வே தேசத்து ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையும் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு அமைப்பும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து மெத்தனால் விஷத்தைப் பற்றி உழைத்து வருகிறார்கள். வசதி குறைந்த மருத்துவமனைகள் என்ன செய்யலாம் என்பதை யாரும் காசில்லாமல் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா அவற்றை அச்செடுத்து, பணியில் இருந்த செவிலியரை உட்கார வைத்து, தமிழில் விளக்கிச் சொன்னார். நாங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டோம்.

அன்று கேட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்வதில்லை. நமது ஈரல்தான் அதை மெள்ள மெள்ள உடைத்து, முடிவில் ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. அந்த அமிலம் இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது, கண் நரம்பைத் தாக்குகிறது. ஆகவே முதல் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ குடித்தவர் சாதாரண போதையில் இருப்பதுபோலவே தோன்றுவார். வீட்டார் தூங்க வைத்துவிடுவார்கள். ஈரல் அதை உடைக்காமல் தடுப்பதே வைத்தியத்தின் முதற்படி. அதற்கு ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. அது இல்லாத இடத்தில் எத்தனாலை, அதாவது சாதாரண மதுவில் இருக்கிற ஆல்கஹாலையே, அளந்து கொடுக்கலாம். ஈரல் அதை முதலில் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் உடையாமல் நிற்கும். அதற்குள் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மதுவிலக்கைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பிரசங்கம் செய்த எங்களுக்கு இதைக் கேட்டபோது உள்ளுக்குள் என்னவோ போலிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் மத்தியானம் ஒரு தாயார் தம் மகனைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். முந்தின நாள் காலையில் குடித்தவன். "பனிக்குள்ள பாக்குற மாதிரி இருக்குது" என்றான். அந்த ஒரு வாக்கியம் போதும். அச்செடுத்த காகிதத்தில் அதே அடையாளம் இருந்தது. சோடியம் பைகார்பனேட் ஏற்றினார்கள். அளந்த ஆல்கஹாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்தான். பார்வை முழுதும் திரும்பவில்லை. கட்டுரைதான் அவனைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டோம். ஓட்டுநரும் டயாலிசிஸ் இயந்திரமும் முந்தின நாளே வராமல் இருந்தாலும் அன்றாவது வந்த தாயாரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். ஆனால் முதல் இரண்டு கட்டுரைகளைப் போல எல்லாமே பூட்டியிருந்தால், அந்த மூன்று மணி நேரம் எங்களிடம் வீணாயிருக்கும்.

நமக்கு நேர்ந்தது சிறிது. ஆப்பிரிக்காவில் லைபீரியா என்றொரு தேசம். 2014-இல் அங்கே எபோலா காய்ச்சல் புகுந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எபோலா லைபீரியாவுக்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். பிறகு தேடிப் பார்த்தபோது, ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982-லேயே ஒரு ஐரோப்பிய சஞ்சிகையில், லைபீரிய மக்களின் இரத்தத்தில் எபோலாவுக்கு எதிரான அடையாளங்கள் காணப்படுகின்றன, அந்தத் தேசத்தையும் எபோலா வரக்கூடிய இடமாகக் கருத வேண்டும் என்று எழுதியிருந்தது தெரியவந்தது. லைபீரியாவின் சுகாதாரத் துறைத் தலைவரும் அவருடைய தோழர்களும் 2015-இல் இதை வெளியிட்டு வருத்தப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையைப் படிக்க 45 டாலர், அங்கே ஒரு வைத்தியரின் அரைவாரச் சம்பளம். இரத்தம் கொடுத்தவர்கள் லைபீரியர், எச்சரிக்கையை வாசித்தவர்கள் வேறு யாரோ.

ஒரு கட்டுரைக்கு இத்தனை விலை ஏன் என்று கேட்பீர்கள். எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. சரிபார்த்துக் கொடுக்கிற அறிஞர்களும் இலவசமாகவே செய்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்து, அதாவது நம் வரிப்பணத்திலிருந்தும், உங்களைப் போன்றோர் கொடுக்கும் தர்மத்திலிருந்தும் வருகிறது. அச்சிடுகிற நிறுவனம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அதையே நூலகங்களுக்கு விற்கிறது. கோயில் திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து அரிசி கொடுத்துச் சமைத்துவிட்டு, பந்தியில் உட்காரச் சீட்டு வாங்கச் சொன்னால் எப்படியிருக்கும்? பதிப்பாளருக்குச் செலவே இல்லை என்று சொல்லவில்லை. தபாலும் அச்சும் இருந்த காலத்தில் செலவு மிகவே இருந்தது. இப்போது அந்தச் செலவு குறைந்துவிட்டது, விலை குறையவில்லை.

இதை முதலில் உடைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர், இயற்பியல்காரர்கள். அவர்கள் கட்டுரை அச்சாகும் முன்பே தட்டச்சுப் பிரதிகளை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வது வழக்கம். பெரிய இடங்களுக்கு முதலில் போகும், நம் தேசத்துக்குக் கடைசியில் வரும். 1991-இல் அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் இருந்த பால் கின்ஸ்பார்க் என்பவர், பிரதிகளையெல்லாம் ஒரு கணினியில் போட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று செய்தார். ஆர்க்கைவ் என்று அதற்குப் பெயர். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதன் நகல் ஒன்றை நம் தேசத்துக்காக வைத்து நடத்தியது. அன்று முதல் தரமணியில் இருக்கிற மாணவனும் பிரின்ஸ்டனில் இருக்கிற பேராசிரியரும் ஒரே காலையில் ஒரே கட்டுரையைப் படித்தார்கள். புடாபெஸ்ட் நகரில் கூடிய சிலர் 2002-இல் இதற்கு ஒரு அறிக்கை வெளியிட்டு, ஓப்பன் ஆக்சஸ் என்று பெயரிட்டார்கள். தமிழில் திறந்த அணுக்கம் என்கிறார்கள். படிக்கவும் பிரதி எடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் தடையில்லாமல் வைப்பது என்று பொருள்.

நம் தேசத்தார் இதில் பின்தங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிஞர் சுப்பையா அருணாசலம் ஊர் ஊராகப் போய் விஞ்ஞானிகளிடம் இதற்காக வாதாடினார். மும்பையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சஞ்சிகையை இலவசமாகத் திறந்துவிட்டபோது, வாசகர் பெருகினார்களே தவிர சஞ்சிகை நஷ்டப்படவில்லை. அதைப் பார்த்துப் பல இந்திய மருத்துவ இதழ்கள் பின்தொடர்ந்தன. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காக்ரேன் நூலகம் என்னும் மருத்துவச் சான்றுத் தொகுப்புக்குத் தேசம் முழுமைக்கும் சேர்த்துப் பணம் கட்டியது. இந்தியாவில் இணையம் உள்ள எவரும் அதைப் படிக்கலாம் என்றானது. அந்த நாட்களில் எங்கள் வைத்தியர்கள் அதைக் கொண்டாடியதை நாங்கள் கண்டோம்.

அதற்கு முன் 2002-இல் உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு சஞ்சிகைகளை இலவசமாகத் தரும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கிற்று. பட்டியலில் இந்தியா இல்லை. பெரிய சந்தை என்று எண்ணினார்கள் போலும். பட்டியலைப் போட்டவர்கள் வெள்ளிமலைக்கு மேலே எங்கள் ஜீப்பில் ஒருமுறை வந்திருந்தால் வேறுவிதமாக எண்ணியிருப்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒரே தேசம் ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் அதில் அடக்கம். மிகவும் நல்ல காரியம், மாணவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கென்று தொடங்கப்பட்டது. எங்களைப் போன்ற தர்ம ஆஸ்பத்திரி அந்தப் பந்தியில் இல்லை. மேலும் அது சந்தா. பூட்டு அப்படியே இருக்கிறது, சாவிகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசகரிடம் வாங்காத பணத்தை இப்போது எழுதுகிறவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற நேச்சர் சஞ்சிகை, ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். எங்கள் டாக்டரம்மா தாம் கண்டதை எழுதினால் அதை வெளியிட அவரே பணம் கட்ட வேண்டும் என்றால், உங்கள் காணிக்கையிலிருந்து எடுத்துக் கொடுக்க எங்களுக்கு மனசாட்சி இடங்கொடாது. இதைப் பயன்படுத்தி, காசைக் கட்டினால் எதையும் அச்சிட்டுத் தரும் போலி சஞ்சிகைகளும் புறப்பட்டிருக்கின்றன. எங்கள் வைத்தியர்களின் பெயருக்கு வாரம் தவறாமல் அழைப்பு வருகிறது. ஒருமுறை எங்களுக்கே வந்தது, மரியாதைக்குரிய பேராசிரியர் அவர்களே என்று! இருதரப்பிலும் பணம் கேளாத சஞ்சிகைகளும் உண்டு. ஒரு கல்லூரியோ சங்கமோ தொண்டு நிறுவனமோ செலவைத் தாங்கிக்கொள்ளும். குஷ்டரோக ஊழியத்தில் உள்ளவர்கள் கைவிளக்காக வைத்திருக்கும் லெப்ரசி ரெவ்யூ அப்படிப்பட்டது. லெப்ரா என்னும் பிரிட்டிஷ் தர்ம ஸ்தாபனம் நடத்துகிறது, எவரும் படிக்கலாம். யாரோ ஒரு மூதாட்டி அங்கே உண்டியலில் போட்ட காசில் இங்கே ஒரு செவிலியர் படிக்கிறார்.

குஷ்டரோகம் என்றதும் பால் பிராண்டை நினையாமல் இருக்க முடியாது. அவர் 1914-இல் பிறந்து, நமக்கு அடுத்த கொல்லிமலையில் வளர்ந்தவர். வேலூரில், விரல்கள் அழுகி விழுவது நோயினால் அன்று, உணர்ச்சி அற்றுப்போனதால் தெரியாமல் ஏற்படும் காயங்களினால் என்று கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அவருடைய தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலைக்காய்ச்சலில் மரித்தார். தாயார் ஈவ்லின் அம்மையார் முதிர்ந்த வயதில் நமது கல்வராயன் மலைக்கும் ஏறி வந்து ஊழியம் செய்தார். 1974-இல், 95 வயதில் மரித்தார். அந்நாட்களில் மலைமக்களை வாட்டிய வியாதிகளில் ஒன்று நரம்புச் சிலந்தி. குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள், புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள், இவ்வளவுதான் பரிகாரம். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, தெரிந்துகொண்டால் போதும். 2000-இல் இந்தியாவில் அந்த நோய் அறவே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

இந்த மலையைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமல்ல. திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் தாவர மனையின் இயேசு சபைக் குருவானவர் மேத்யூ, தமிழகத்தின் இந்தப் பகுதித் தாவரங்களைத் தேடி மலை மலையாக ஏறி, 1980-களில் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிறரோடு சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர்த் தளத்தில் செடி, பறவை, பூச்சிகளின் விவரம் எவருக்கும் திறந்திருக்கிறது. மலையாளி மக்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் எழுதினார். அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்களின் வம்சம் என்று அவர்கள் சொல்லும் கதையும் அதில் இருக்கிறது. அந்தத் தொகுதிகளை இன்று வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். வேடிக்கையைப் பாருங்கள்! நூறாண்டுக்கு முன் வெள்ளைக்கார அதிகாரி எழுதியது திறந்து கிடக்கிறது. அதே மக்களைப் பற்றி, ஜாகீர்தார்களிடம் கூலியில்லாமல் உழைத்து 1976-க்குப் பிறகே அந்த நுகம் நீங்கிய நம் மக்களைப் பற்றி, அண்மையில் பல்கலைக்கழகங்களில் எழுதியவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. 2024-க்குப் பிறகு செய்தித்தாள்கள் கல்வராயன் மலையைச் சாராய மலை என்றே எழுதின. கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் தேனும் விளைகிற மலை என்று அறிந்தவர்கள் எழுதியது யார் கைக்கும் எட்டவில்லை.

திறந்து வைத்தால் பிறர் திருடுவார்களே என்ற பயமும் நியாயமானதே. காயத்துக்கு மஞ்சள் போடுவதை ஒரு கண்டுபிடிப்பு என்று சொல்லி 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியது. பாட்டி சொன்னாள் என்றால் அங்கே செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய நூல்களோடு இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-இல் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்துக் காட்டினார்கள். 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று. எழுதி, எல்லாரும் காணும்படி வைத்ததே மஞ்சளைக் காத்தது. எனினும் ஒரு மலைமூப்பர் மனம்விட்டுச் சொன்ன ரகசியத்தை அவரைக் கேளாமல் உலகத்துக்குத் திறந்துவிடலாமா என்றால், கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

பூட்டு திறந்தாலும் இன்னொரு கதவு இருக்கிறது. அது பாஷை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-இல் வந்திறங்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் இதை நன்கு அறிந்திருந்தார். மானிப்பாயில் வாலிபருக்கு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் பட்டணத்து உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்டு, 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். தாமே தமிழ் கற்று, உடற்கூற்று நூலையும் பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவந்தார். சொல் இல்லாத இடத்தில் பண்டிதரோடும் நாட்டு வைத்தியரோடும் உட்கார்ந்து சொல் தேடினார். 1873-இல் ஊர் திரும்பிய பிறகும் மரிக்கும் வரைக்கும் அந்த வேலையை விடவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நாங்கள் அந்த ஜூன் மாத இரவில் செவிலியருக்கு வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் டாக்டரம்மா ஒரு பழக்கம் ஏற்படுத்தினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, திறந்திருக்கும் ஒரு கட்டுரையைத் தேர்ந்து தமிழில் சொல்வார். செவிலியரும் ஆய்வுக்கூடத்தாரும் ஓட்டுநரும் வருவார்கள். நாங்கள் கையெழுத்தில் ஒரு பக்கமாக எழுதி, மலைக்குப் போகும்போது எடுத்துப் போவோம். பாம்புக்கடி, சிசுவின் மஞ்சள் காமாலை, மெத்தனால், இப்படி.

சென்ற ஆண்டு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வேப்பமரத்தடியில் அப்படிப் படித்துக்கொண்டிருந்தோம். பச்சிலை வைத்தியம் பார்க்கும் ஒரு மூதாட்டி கடைசி வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அய்யா, எங்க ஊருக்கும் காலேஜ்லேர்ந்து வந்து நாலு நாள் தங்கிக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. அதுல என்ன போட்டிருக்கு?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னோம். கல்வராயன் மலை மூலிகைகளைப் பற்றி வந்த கட்டுரைகளை அவர் தேடினார். சில திறந்தன, சில திறக்கவில்லை. திறக்காத ஒன்றை எழுதியவருக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தப் பேராசிரியர் அன்று மாலையே முழுக் கட்டுரையையும் அனுப்பி, இதைக் கேட்டு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அச்செடுத்து அடுத்த மாதம் மலைக்குக் கொண்டுபோனோம். லத்தீன் பெயரையெல்லாம் விட்டுவிட்டு, ஊர்ப் பெயரையும் உபயோகத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். மூதாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே "ஆமா, ஆமா" என்றார். ஒரு செடிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எலை இல்லீங்க. வேர்ப்பட்டை. எலையைக் கொடுத்தா வயித்தால போவும். நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொண்ணு மாத்தி எழுதிடுச்சி."

"பாட்டியம்மா, இதை அவர்களுக்கு எழுதிப் போடட்டுமா?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் யோசித்தார். "எழுதுங்க. ஆனா நாஞ் சொன்னேன்னு எழுதுங்க" என்றார்.

அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறோம். திருத்தம் வெளியிடச் சஞ்சிகைக்குத் தாம் எழுதியிருப்பதாகப் பேராசிரியரிடமிருந்து போன வாரம் பதில் வந்தது. அது அச்சில் வந்தால், பூட்டில்லாமல் வந்தாலும் பூட்டோடு வந்தாலும், ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாங்கள் மறுபடியும் மலை ஏற வேண்டும். அதுவரை பீரோவின் கதவைக் கழற்றிவிட்டோம். இன்று மதிய உணவுக்குப் போகிற வழியில்தான் அது நிற்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். பொருளாளர் காத்திருக்கிறார்.